கிலோவை விடுங்கள், வயசைச் சொல்லுங்கள்

ராமநாதபுரம் பதிப்புச் செய்தித்தாளைப் புரட்டினால் கஞ்சா எப்போதும் கிலோவில்தான் வரும். வேதாளை கடற்கரையில் இத்தனை கிலோ, மரைக்காயர்பட்டினத்தில் நாட்டுப்படகோடு இத்தனை மூட்டை, தொண்டிப் பக்கம் சரக்கு வேனில் இத்தனை பண்டல். பிடித்தவர்கள் வரிசையாக நிற்க, முன்னால் பொட்டலங்களை அடுக்கி வைத்த படமும் இருக்கும். ஆந்திர – ஒடிசா எல்லை மலைகளில் விளைந்த சரக்கு லாரியிலும் காரிலும் ஏறி எங்கள் கரைக்கு வருகிறது. இங்கிருந்து இரவோடு இரவாகப் படகில் இலங்கைக்குப் போகிறது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். கியூ பிரிவு, சுங்கத்துறை, மரைன் போலீஸ், கடலோரக் காவல்படை என்று எத்தனை கண்கள் விழித்திருந்தாலும், இவ்வளவு நீண்ட கரையில் எல்லா இரவும் எல்லா இடத்திலும் காவல் நிற்க முடியாது.

நான் இந்தக் கரையில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறவள். பிடிபட்ட மூட்டைகள் என் வகுப்புக்குள் வருவதில்லை. சட்டைப் பையில் நாலாக மடித்த காகிதம்தான் வருகிறது. ஒரு சரக்கு எந்த வழியாகப் போனாலும் அந்த வழியில் கொஞ்சம் சிந்தத்தான் செய்யும். சிந்துகிற இடத்தில் எங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

காவல்துறை 2021 டிசம்பரில் ‘ஆபரேஷன் கஞ்சா வேட்டை’யைத் தொடங்கியது. 2022 ஆகஸ்ட் 11 அன்று தமிழ்நாடு முழுக்கப் பள்ளிகளில் போதைப்பொருள் எதிர்ப்பு உறுதிமொழி எடுத்தோம். பிள்ளைகள் வெயிலில் நின்று, கையை நீட்டி, உரக்கச் சொன்னார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அதற்குப் பிறகு வகுப்பில் வந்து உட்கார்ந்த பையன் கேட்ட முதல் கேள்வி, “ஏன் மிஸ் கூடாது?” அந்த ‘ஏன்’ உறுதிமொழியில் இல்லை. ‘கெட்டது’, ‘சீரழிவு’, ‘வாழ்க்கை நாசம்’ என்ற சொற்களை அவன் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். அவனுக்கு வேண்டியது காரணம்.

பதினொன்றாம் வகுப்பு விலங்கியலில் நரம்பு மண்டலப் பாடம் வரும்போது நான் கஞ்சாவை எடுத்துக்கொள்கிறேன். பாடநூலில் நியூரானின் படம் இருக்கிறது, மையலின் உறை இருக்கிறது, பெருமூளை, சிறுமூளை, முகுளம் எல்லாம் இருக்கின்றன. வேறு எந்த மேடையும் தேவையில்லை. கேள்விகளை அவர்களிடமிருந்துதான் வாங்குவேன். “ராமேஸ்வரத்துல அக்னி தீர்த்தம் பக்கம் வடநாட்டுச் சாமியாருங்க சிலும்பி இழுக்கிறாங்களே, அவங்களுக்கு என்ன ஆச்சு?” “சித்த மருந்துல இருக்குதாமே?” “வெளிநாட்டுல கடையிலயே விக்கிறாங்களாமே மிஸ்?” ஒன்றைக்கூட முட்டாள்தனமான கேள்வி என்று தள்ள முடியாது. மூன்றுக்கும் நேராகப் பதில் சொல்லாமல் நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினால், அந்தப் பதிலைப் பொட்டலம் விற்கிறவன் சொல்லிக்கொடுப்பான்.

அதனால் முதலில் உண்மையாக உள்ளதைச் சொல்லிவிடுவேன். கஞ்சா இழுத்தவன் ஹெராயின் போட்டவனைப்போல மூச்சு நின்று சாவதில்லை. கஞ்சாவில் உள்ள டி.எச்.சி. என்ற வேதிப்பொருள் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் மூளையில் பல இடங்களில் நிறைந்திருந்தாலும், மூச்சை ஓட்டும் முகுளத்தில் மிகக் குறைவு. ‘ஒரு தடவை தொட்டா செத்தே’ என்று சொல்கிற ஆசிரியரை, தொட்டும் சாகாத பையன் அதன் பிறகு எந்த விஷயத்திலும் நம்ப மாட்டான். சித்த மருத்துவத்தில் கஞ்சா இலை சேரும் மருந்துகள் இருப்பதும் உண்மை. அது சுத்தி செய்து, மற்றச் சரக்குகளோடு சேர்த்து, வைத்தியர் அளவு பார்த்துக் கொடுப்பது. கனடாவில் 2018 முதல் கடையில் விற்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் அங்கே 18 வயதுக்குக் கீழே யாருக்கும் கிடையாது, பெரும்பாலான மாகாணங்களில் 19, கியூபெக்கில் 2020 முதல் 21. கடை திறந்து விற்கிற நாடே பள்ளிப் பிள்ளைக்கு விற்க மாட்டேன் என்கிறது. சாமியார் விஷயத்தில் நான் சொல்வது: அவர் எந்த வயதில் ஆரம்பித்தார் என்று நமக்குத் தெரியாது, கூட ஆரம்பித்தவர்களில் எத்தனை பேர் எங்கே விழுந்தார்கள் என்றும் தெரியாது, தீர்த்தக் கரைக்கு வந்து சேர்ந்தவரை மட்டுமே பார்க்கிறோம்.

இத்தனைக்கும் பிறகுதான் மூளைக்கு வருவேன்.

டி.எச்.சி.யை இஸ்ரேலில் ரபேல் மெகூலமும் யெகியேல் கவோனியும் 1964-ல் பிரித்தெடுத்தார்கள். அது மூளையில் எங்கே போய் ஒட்டுகிறது என்று தெரிய இன்னும் கால் நூற்றாண்டு ஆயிற்று. ஏற்பியின் அமைப்பு 1990-ல் துலங்கியது. ஒரு செடியின் வேதிப்பொருளுக்கென்று மூளை ஏன் பூட்டு வைத்திருக்க வேண்டும்? 1992-ல் அதற்கும் விடை கிடைத்தது. அந்தப் பூட்டுக்கு மூளையே தன் சொந்தச் சாவியைச் செய்துகொள்கிறது. அனந்தமைடு என்பது அவற்றில் ஒன்று.

அந்தச் சாவி செய்யும் வேலையைச் சொல்லும்போது பையன்கள் நிமிர்ந்து உட்காருவார்கள், ஏனென்றால் நான் விசைப்படகை இழுத்துக்கொண்டு வருவேன். வலை ஏற்றும்போது பின்னால் நிற்கிறவர் கயிற்றின் இழுப்பைப் பார்த்து, “போதும், மெதுவா” என்று குரல் கொடுப்பார். முன்னால் இருக்கும் டிரைவர் இன்ஜினைத் தணிப்பார். நரம்பு செல்களுக்கிடையிலும் அதுதான் நடக்கிறது. ஒரு செல் இன்னொன்றுக்குச் செய்தி அனுப்புகிறது. வாங்கிய செல் அளவுக்கு மேல் வந்ததும் அனந்தமைடு போன்ற பொருளைச் சுரந்து, அனுப்பிய செல்லுக்கே திருப்பி ‘போதும்’ என்கிறது. வேலை முடிந்ததும் அந்தப் பொருள் உடனே சிதைந்துவிடும். எந்த இணைப்பில் தேவையோ அங்கே மட்டும், தேவையான அந்த நொடிக்கு மட்டும். டி.எச்.சி. வந்தால், எவனோ ஒருவன் படகில் ஏறி, கயிற்றைப் பார்க்காமலே மணிக்கணக்காக ‘போதும் போதும்’ என்று கத்திக்கொண்டிருப்பதுபோல ஆகிவிடும். டிரைவர் எந்தக் குரலைக் கேட்டு ஓட்டுவார்? “வலை போச்சு மிஸ்” என்று பின்பெஞ்சிலிருந்து சத்தம் வரும்.

இந்தக் கத்தல் மூளையின் எந்தப் பகுதியில் அதிகம் கேட்கும் என்பது அந்த ஏற்பிகள் எங்கே அதிகம் என்பதைப் பொறுத்தது. ஹிப்போகேம்பஸில் நிறைய உண்டு; காலையில் படித்தது சாயங்காலம் நிற்காமல் போவது அதனால்தான். சிறுமூளையில் உண்டு; கை கால் ஒத்திசைவு தடுமாறும், பைக் ஓட்டுகிறவனுக்கும் படகு ஓட்டுகிறவனுக்கும் அது எவ்வளவு ஆபத்து என்று விளக்க வேண்டியதில்லை. பயத்தையும் சந்தேகத்தையும் கவனிக்கும் அமிக்டலாவில் உண்டு. நெற்றிக்குப் பின்னால், திட்டமிடவும் ஆசையை அடக்கவும் ‘நாளைக்கு என்ன ஆகும்’ என்று யோசிக்கவும் உதவும் பகுதியிலும் உண்டு.

கடைசியாகச் சொன்ன பகுதிதான் நான் வகுப்பில் அதிக நேரம் நிற்கும் இடம். மூளையிலேயே கடைசியாக முதிர்வது அதுதான்; ஏறத்தாழ 25 வயது வரை அங்கே வேலை நடக்கிறது. சிறு பிள்ளைக்குத் தேவைக்கு மிஞ்சிய நரம்பு இணைப்புகள் இருக்கின்றன. பன்னிரண்டு, பதிமூன்று வயதிலிருந்து, பயன்படும் இணைப்புகளை மூளை வலுவாக்குகிறது, பயன்படாதவற்றைக் கழிக்கிறது, நீண்ட இழைகளுக்கு மையலின் உறை போர்த்துகிறது. எதை வைப்பது, எதைக் கழிப்பது என்ற இந்த வேலையில் மேலே சொன்ன ‘போதும்’ சமிக்ஞைக்கும் பங்கு உண்டு. வேலை நடக்கும்போதே சமிக்ஞையைக் குழப்பினால் குழப்பம் கட்டுமானத்துக்குள்ளேயே போய்விடும். இளம் எலிகளுக்கு டி.எச்.சி. கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், அவை வளர்ந்த பிறகும் முன்மூளை இணைப்புகளில் மாற்றம் நிலைத்திருந்தது. வளர்ந்த எலிகளுக்குக் கொடுத்தபோது அந்த அளவுக்கு இல்லை. நாற்பது வயதுக்காரர் இழுப்பதும் பதினைந்து வயதுக்காரன் இழுப்பதும் ஒரே பொட்டலத்திலிருந்தாக இருந்தாலும் ஒரே செயல் அல்ல.

மனிதர்களில் என்ன தெரிந்திருக்கிறது? ஸ்வீடனில் 1969 – 70-ல் ராணுவப் பயிற்சிக்கு வந்த 45,000-க்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். 18 வயதுக்குள் ஐம்பது முறைக்கு மேல் கஞ்சா பயன்படுத்தியதாகச் சொன்னவர்களுக்கு மனச்சிதைவு நோய் வருவது, தொடாதவர்களைவிட ஆறு மடங்கு அதிகமாக இருந்தது. 1987-ல் இது வெளியானது. அந்தக் கூட்டத்திலும் மிகப் பெரும்பாலோருக்கு நோய் வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்வேன். நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972 – 73-ல் பிறந்த 1,037 பேரைக் குழந்தைப் பருவத்திலிருந்து கவனித்தார்கள். பதின்வயதில் ஆரம்பித்து, வளர்ந்த பிறகும் விடாமல் தொடர்ந்தவர்களின் அறிவுத்திறன் மதிப்பெண் 38 வயதில் சராசரியாக 8 புள்ளி இறங்கியிருந்தது. பெரியவர்களான பிறகு ஆரம்பித்தவர்களுக்கு அந்த இறக்கம் இல்லை. 2012-ல் வெளியான இந்த முடிவை எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. இரட்டையர்களை வைத்துப் பார்த்த 2016 ஆய்வு ஒன்றில், பயன்படுத்திய பிள்ளைக்கும் பயன்படுத்தாத அதன் இரட்டைக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. குடும்பச் சூழலே காரணமாக இருக்கலாம் என்றார்கள். இதையும் நான் வகுப்பில் மறைப்பதில்லை. விஞ்ஞானம் வாதாடுகிறது என்று காட்டினால் பிள்ளைகள் விஞ்ஞானத்தின் பக்கம்தான் சாய்கிறார்கள். அடிமையாவதில் மட்டும் இவ்வளவு சர்ச்சை இல்லை: தொட்டவர்களில் ஏறத்தாழ பதினொருவருக்கு ஒருவர் அடிமையாகிறார் என்றால், பதின்வயதில் தொட்டவர்களில் ஆறு பேருக்கு ஒருவர்.

அந்தக் கணக்குகளை எல்லாம் நான் படிப்பதற்குக் காரணம் ஒரு பையன்.

அவன் அம்மா நண்டு கம்பெனியில் சதை எடுக்கும் வேலை பார்க்கிறார். விரல் நுனியெல்லாம் ஓட்டுக் கீறல். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து பள்ளி திறந்து கொஞ்ச நாளில் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றார். “டீச்சர், புள்ள ராத்திரி தூங்க மாட்டேங்கிறான். அவுக அப்பா போட்ல இருக்க வயர்லெஸ்ல இவன் பேரச் சொல்லிக் கேலி பேசுறாகளாம். வயர்லெஸ் ஆஃப்ல கிடக்கு டீச்சர்.” கரைக்கு வந்த படகில் ஏறி, அந்தக் கருவியின் ஒயரைப் பிடுங்கி எறிந்திருக்கிறான். தெருவில் இரண்டு பேர் பேசிக்கொண்டு போனால் தன்னைப் பற்றித்தான் என்று அடிக்கப் போயிருக்கிறான். அதற்கு முந்தைய மாதங்களில் ஐஸ் கம்பெனிச் சுவருக்குப் பின்னால் தினமும் புகை. அது அம்மாவுக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். “போலீசு புடிச்சுக்கிட்டுப் போயிரும்ல.”

முதலில் ஏர்வாடிக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் மனம் பிசகினால் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற வேற்றுமை இல்லாமல் கால்கள் ஏர்வாடி தர்காவுக்குத்தான் போகும். அந்த நம்பிக்கையை நான் குறைத்துப் பேச மாட்டேன். வேறு எங்கும் ஆறுதல் கிடைக்காத எத்தனையோ தாய்மார்களுக்கு அங்கே கிடைத்திருக்கிறது. ஆனால் இந்த மாவட்டத்தில் வாழ்கிற யாரும் 2001 ஆகஸ்ட் 6-ஐ மறக்கக் கூடாது. தர்காவைச் சுற்றித் தனியார் நடத்திய காப்பகங்களில் ஒன்றில் அன்று அதிகாலை தீப்பிடித்தது. சங்கிலியில் பிணைத்திருந்ததால் ஓட முடியாமல் போனவர்கள் உட்பட 28 மனநோயாளிகள் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்தது. பின்னாளில் தர்காவிலேயே அரசு மனநல மருத்துவர்கள் நோயாளிகளைப் பார்க்கும் ‘தவா – துவா’ ஏற்பாடு வந்தது. மருந்தும் பிரார்த்தனையும் ஒன்றாகவே இருக்கட்டும் என்பதே அதன் பொருள். நானும் அந்த அம்மாவிடம் அதையேதான் சொன்னேன். நேர்த்திக்கடனை விட வேண்டாம், நாளைக்குக் காலையில் ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்கும் வாங்க.

மருத்துவர் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, “குடும்பத்துல வேற யாருக்காச்சும் இந்த மாதிரி இருந்துச்சாம்மா?” தாய்மாமன் ஒருவர் இருந்தார். வீட்டில் மனநோய் ஓடும் பிள்ளைக்குக் கஞ்சா பல மடங்கு ஆபத்து. அது இல்லாமலும் இந்தப் பையனுக்கு நோய் வந்திருக்குமா, கொஞ்ச ஆண்டு தள்ளி வந்திருக்குமா, வராமலே போயிருக்குமா என்று எவராலும் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். மாத்திரை ஆரம்பித்தார்கள், கஞ்சாவை நிறுத்தினான், வயர்லெஸ் குரல் அடங்கியது. ஓர் ஆண்டு பள்ளி போயிற்று. தனித்தேர்வராக எழுதி பிளஸ் டூ தேறினான். இன்னும் மாத்திரை சாப்பிடுகிறான், மாமாவோடு வலை பின்னுகிறான், என்னைப் பார்த்தால் நின்று பேசுகிறான். மனநோயின் முதல் சில மாதங்களிலேயே மருத்துவரிடம் வந்து சேர்ந்தது அவன் அதிர்ஷ்டம். போலீஸ் பயம் இல்லாதிருந்தால் இன்னும் முன்பே வந்திருப்பான்.

அந்தப் பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது எங்கள் கடமை என்று நினைக்கிறேன். பிள்ளையை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனால் மருத்துவர் காவல் நிலையத்துக்கு போன் போட மாட்டார். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது: பயன்படுத்தியதற்காகவோ, சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ சிக்கிய அடிமை, தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு. சட்டம் கடுமையாக நிற்பது வேறு பக்கம். சிறுவர் நீதிச் சட்டம் 2015-ன்படி, 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் போதைப்பொருள் கொடுத்தாலும், அதை விற்கவோ கடத்தவோ பிள்ளையைப் பயன்படுத்தினாலும் 7 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ‘இந்தப் பையை அந்த வீட்ல குடுத்துரு’ என்று ஐநூறு ரூபாயைக் கையில் திணிக்கிற அண்ணன்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பையன்களுக்கும்.

பயமுறுத்தினால் போதும் என்று நினைக்கிறவர்களுக்கு அமெரிக்காவைக் காட்டுவேன். 1998 முதல் 2004 வரை ஏறத்தாழ 100 கோடி டாலர் கொட்டி, கஞ்சாவுக்கு எதிராகப் பதின்வயதினருக்கு விளம்பரம் செய்தார்கள். பலன் ஒன்றும் இல்லை. அதிகம் பார்த்த சில பிள்ளைகளிடம் ‘அப்போ எல்லாரும் இழுக்கிறாங்க போல’ என்ற எண்ணம் வளர்ந்ததுதான் மிச்சம் என்று மதிப்பீடு சொன்னது. ஐஸ்லாந்து வேறு வழியில் போயிற்று. பிள்ளைகளின் சாயங்காலத்தை விளையாட்டாலும் இசையாலும் நிரப்பினார்கள். கட்டணத்தில் உள்ளாட்சி பங்கு கொடுத்தது. பெற்றோர் கூடி, ராத்திரி இத்தனை மணிக்கு மேல் எங்கள் பிள்ளைகள் வெளியே இல்லை என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். 1998-ல் 15, 16 வயதினரில் 17 சதவீதம் பேர் கஞ்சா தொட்டிருந்தார்கள். 2016-ல் 7 சதவீதம்.

எங்களுக்கு ஐஸ்லாந்தின் காசு இல்லை. ஆனால் எங்கள் ஆபத்துக் காலம் எது என்று தேதி போட்டுச் சொல்ல முடியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அதே நேரத்தில் பள்ளிக்குக் கோடை விடுமுறை. கையில் காசில்லாத பெரியவர்கள், வேலையில்லாத பையன்கள், கரையில் சும்மா நிற்கும் படகுகள், அவற்றின் நிழல். பள்ளி மைதானத்துக் கேட்டைப் பூட்டுகிறோம், விடுமுறை முடியும் வரை திறப்பதில்லை. ஒரு கால்பந்து, ஒரு கபடிக் களம், சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு விளக்கு, பார்த்துக்கொள்ள ஊரில் ஒரு முன்னாள் மாணவன். இதற்கு யாரும் டெண்டர் விட வேண்டியதில்லை. ஊர்க் கமிட்டியும் ஜமாத்தும் பங்குப் பேரவையும் விசைப்படகுச் சங்கமும் தலைமையாசிரியரோடு ஒரு தடவை உட்கார்ந்தால் முடிகிற காரியம். நான் இதை எங்கள் ஊரில் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், இங்கேயும் கேட்கிறேன்.

ஏற்கெனவே ஆரம்பித்துவிட்ட பிள்ளைக்கு நான் சொல்வது வேறு. 2018-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், வழக்கமாகக் கஞ்சா பயன்படுத்திய 16 – 25 வயதினரில் ஒரு பகுதியினரை ஒரு மாதம் நிறுத்தவைத்துப் பார்த்தார்கள். புதிதாகக் கற்றதை நினைவில் வைக்கும் திறன் தேறியது. தேறியதில் பெரும்பகுதி முதல் வாரத்திலேயே. அந்த முதல் வாரம்தான் கஷ்டமும். எரிச்சல் வரும், தூக்கம் வராது, சோறு இறங்காது, கெட்ட கனவு வரும். பிள்ளை அந்த நேரத்தில் கத்தினால் திமிர் என்று அடிக்காதீர்கள். இரண்டு, மூன்று வாரத்தில் தணிந்துவிடும். மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416, போதை மீட்பு உதவிக்கு 14446. இரண்டுக்கும் காசில்லை. குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்று பிள்ளை சொன்னால் போனோடு நிற்காமல் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தாய்மார்கள் கூட்டத்தை நண்டு கம்பெனி விடும் நேரம் பார்த்துத்தான் வைப்போம். போன தடவை ஒருவர் கேட்டார், “அப்பனே இழுக்கிறாரு, புள்ளைய எப்படி டீச்சர் கண்டிக்கிறது?” அறையில் பலரும் தலையாட்டினார்கள். அவர் கணவரை நான் கூப்பிட்டு அனுப்பினேன், வந்தார். குற்றம் சொல்லவில்லை. கரும்பலகையில் அந்த மூளைப் படத்தை வரைந்து, நெற்றிப் பக்கத்தைச் சுற்றி வட்டம் போட்டு, உங்களுக்கு இது கட்டி முடிந்துவிட்டது, உங்கள் மகனுக்கு இன்னும் பத்து வருஷ வேலை பாக்கி என்றேன். கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். பிறகு, “இத நீங்களே அவன்கிட்டச் சொல்லிருங்க டீச்சர்” என்றார். சொல்லிவிட்டேன், நீங்களும் சொல்ல வேண்டும் என்றேன். எப்போது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று அதன் பிறகு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.